0.2 என்றால் எவ்வளவு பார்வை? கண் மருத்துவத் தரவைப் பகிர எந்த வழி நல்லது

ஒரு கண் மருத்துவமனையின் பதிவில் நோயாளியின் வலது கண் பார்வை 0.2 என்று இருக்கிறது. அவர் வேறொரு மருத்துவமனைக்குப் போகிறார், பதிவும் கூடவே போகிறது. இரண்டு இடத்திலும் எண் 0.2தான், ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஆனால் முதல் மருத்துவமனை அதை லாக்மார் கணக்கில் (எண் ஏறினால் பார்வை குறையும் ஓர் அளவுகோல்) எழுதியது. இரண்டாவது மருத்துவமனை தசம முறையில் வாசிக்கிறது. லாக்மாரில் 0.2 என்றால் ஏறக்குறைய 6/9, அதாவது நல்ல கண் 9 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிக்கும் கண், அன்றாட வேலைகளுக்குப் பெரிதாகத் தடை இல்லாத கண். தசமத்தில் 0.2 என்றால் 6/30. லாக்மார் பலகையில் இது ஐந்து வரி வித்தியாசம். பரிமாற்றம் எந்தப் பிழையும் இல்லாமல் முடிந்ததாகத்தான் கணினி சொல்லும்.

பல கண் மருத்துவமனைகள் சேர்ந்து தரவைப் பகிரலாம் என்று உட்கார்ந்தால், எந்த வடிவத்தில் பகிர்வது என்பதுதான் முதலில் வரும் கேள்வி. பி.டி.எஃப். அனுப்பினால் போதுமா? எல்லாரும் ஒரே மென்பொருளுக்கு மாறிவிடலாமா? பொதுவாக ஒரு எக்செல் படிவம் வைத்துக்கொள்ளலாமா? இல்லை, ஃபயர், ஓமாப் என்று தரவுத் தரங்களைச் சொல்கிறார்களே, அதில் ஒன்றா? இதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு, சொல்கிறேன். ஆனால் வழிகளை ஒப்பிடும் முன், கண் தரவில் எது சிக்கலானது என்று பார்த்துவிட வேண்டும். அதைப் பார்க்காமல் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த 0.2இல்தான் போய் நிற்போம்.

எண்ணோடு கூடப் போக வேண்டியவை

கண் மருத்துவமனையில் அதிகம் எழுதப்படும் எண் பார்வைக் கூர்மை. ஹெர்மன் ஸ்னெல்லன் 1862இல் வெளியிட்ட எழுத்துப் பலகையின் வழியாக வந்த பின்னம்தான் இன்றும் ஏராளமான பதிவுகளில் இருக்கிறது. மீட்டர் கணக்கில் 6/6, அடிக் கணக்கில் 20/20, தசமத்தில் 1.0, லாக்மாரில் 0. நான்கும் ஒரே பார்வைதான். லாக்மாரில் எண் ஏறினால் பார்வை குறைகிறது, தசமத்தில் அப்படியே தலைகீழ். பெய்லி, லவ்வி ஆகிய இருவர் 1976இல் வடிவமைத்த பலகையில் ஒவ்வொரு வரியிலும் ஐந்து எழுத்துகள் இருக்கும். வரிக்கு 0.1, எழுத்துக்கு 0.02 என்று கணக்கு. அதனால் கூட்டலாம், சராசரி எடுக்கலாம். பழைய ஸ்னெல்லன் பலகையில் வரிக்கு வரி எழுத்துகளின் எண்ணிக்கை மாறும். '6/12, இரண்டு எழுத்து விட்டுப்போனது' என்ற குறிப்பை எண்ணாக மாற்றும்போது கொஞ்சம் ஊகமும் கலந்துவிடுகிறது.

அளவுகோல் ஒன்றாகிவிட்டாலும் பிரச்சினை முடியாது. கண்ணாடி இல்லாமல் பார்த்ததா, போட்டிருந்த பழைய கண்ணாடியோடு பார்த்ததா, புதிதாகப் பவர் பார்த்துத் திருத்தியபின் எடுத்ததா, பின்ஹோல் (சிறு துளையுள்ள மறைப்பு) வைத்து எடுத்ததா? ஒரே கண், ஒரே நாள், 6/36 என்றும் எழுதலாம், 6/6 என்றும் எழுதலாம், இரண்டுமே உண்மை. கண்புரை அறுவை சிகிச்சைக்கு முன் திருத்திய பார்வையையும், பின் திருத்தாத பார்வையையும் எடுத்து ஒப்பிட்டால் நல்ல அறுவை சிகிச்சையும் தோல்வியாகத் தெரியும். 'பார்வை' என்று மட்டும் தலைப்பிட்ட ஒரு நெடுவரிசை அதைக் காட்டிக்கொடுக்காது.

அப்புறம், எழுத்தே தெரியாத கண்கள். விரல்களை எண்ண முடிகிறது, கை அசைவது தெரிகிறது, வெளிச்சம் மட்டும் தெரிகிறது, வெளிச்சமும் தெரியவில்லை. இவற்றுக்கு ஒரு லாக்மார் எண்ணைக் கொடுத்துச் சராசரியில் சேர்ப்பது ஆய்வுகளில் வழக்கம். எந்த எண் என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறும். வெளிச்சமே தெரியாத கண்ணுக்கு எந்த எண்ணும் பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம், ஏனென்றால் அது கூர்மையின் அளவே அல்ல. சராசரிக்காக எண்ணாக்கித்தான் ஆக வேண்டும் என்றால், மருத்துவர் எழுதிய சொல்லும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மாற்றிய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிட்டால் பிறகு திரும்ப வழியில்லை.

கண் அழுத்தமும் இப்படித்தான். 18 மி.மீ. பாதரசம் என்பது கருவிழியைத் தொட்டு அளக்கும் கோல்ட்மேன் கருவியில் எடுத்ததா, காற்றை ஊதி எடுக்கும் கருவியிலா? கருவிழியின் தடிமன் எவ்வளவு? மெல்லிய கருவிழியில் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், தடித்த கருவிழியில் கூடுதலாகக் காட்டும். சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது எடுத்த 18க்கும் மருந்தே தொடங்காத 18க்கும் கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) மருத்துவர் தரும் பொருள் வேறு வேறு.

கண்ணாடிப் பவர் ஒன்றில்தான் கணினி நமக்கு முழுதாகக் கைகொடுக்கும். மைனஸ் 2.00, சிலிண்டர் பிளஸ் 1.00, ஆக்சிஸ் 90 என்று ஒருவர் எழுதுவார் (சிலிண்டர் என்பது ஒரு திசைக்கு மட்டுமான கூடுதல் பவர், ஆக்சிஸ் அதன் கோணம்). அதே லென்ஸை இன்னொருவர் மைனஸ் 1.00, சிலிண்டர் மைனஸ் 1.00, ஆக்சிஸ் 180 என்று எழுதுவார். இந்த மாற்றத்துக்குச் சூத்திரம் உண்டு, பிழை வராது. ஆனால் இரண்டு மருத்துவமனைகளின் முதல் எண்களை மட்டும் எடுத்து ஒரே நெடுவரிசையில் போட்டால், ஒரே கண் ஒரு டயாப்டர் (பவரின் அலகு) மாறியதுபோலத் தோன்றும்.

நோயின் நிலைக்கும் இதே கதிதான். சர்க்கரை நோயால் வரும் விழித்திரை பாதிப்புக்கு 2003இல் வெளியான பன்னாட்டு அளவுகோலில் ஐந்து நிலைகள். இங்கிலாந்தின் கண் பரிசோதனைத் திட்டத்தில் ஆர்0 முதல் ஆர்3 வரை. நான்கு பெட்டியில் இருப்பதை ஐந்து பெட்டியில் நேருக்கு நேர் போட முடியாது. எந்த அளவுகோல் என்பதும் நிலையோடு சேர்ந்தே போனால்தான் பெறுபவருக்குப் புரியும்.

இத்தனைக்கும் மேலே வலதா இடதா என்ற கேள்வி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 என்ற நோய்க் குறியீட்டில் கிளாக்கோமாவுக்கு எண் உண்டு, எந்தக் கண் என்று சொல்ல இடம் இல்லை. அமெரிக்கா தன் பதிப்பில் அதைச் சேர்த்துக்கொண்டது. ஸ்னோமெட் சி.டி. என்ற மருத்துவச் சொல்தொகுதியில் பக்கத்தைத் தனியாகச் சேர்க்கலாம். உடலின் பல பாகங்களுக்கு இது சின்ன விவரமாக இருக்கலாம். கண்ணுக்கு இது விட்டுப்போனால் அந்தப் பதிவையே பயன்படுத்த முடியாது.

வழிகளை ஒப்பிடலாம்

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். 'தரவுப் பகிர்வு' என்று கூட்டத்தில் எல்லாரும் ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள், மனதில் இருப்பது இரண்டு வேறு தேவைகள். ஒருவருக்கு, இந்த நோயாளி நாளை வேறு மருத்துவரிடம் போனால் பழைய விவரம் அங்கே தெரிய வேண்டும். இன்னொருவருக்கு, பத்தாயிரம் நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்து எந்தச் சிகிச்சை பலன் தருகிறது என்று அறிய வேண்டும். முதலாவதில் ஒருவரின் எல்லா விவரமும் வேண்டும், பெயரோடு, உடனே. இரண்டாவதில் பலரின் சில விவரங்கள் போதும், பெயர் வேண்டாம், ஒரு மாதம் தாமதமானாலும் நஷ்டமில்லை. ஒரே வழி இரண்டையும் நன்றாகச் செய்யும் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

பி.டி.எஃப். அனுப்புவதைக் குறைவாக எண்ண வேண்டாம். இன்றே முடியும், செலவு இல்லை, மருத்துவர் படித்தால் புரியும். அவசரத்துக்குப் போகும் நோயாளிக்கு அதுவே பெரிய உதவி. ஆனால் கிளாக்கோமா நோயாளிக்குப் பத்து வருட அழுத்தமும் ஃபீல்டு டெஸ்டும் (பார்வைப் பரப்பின் சோதனை) ஒரே கோட்டில் வர வேண்டும். நாற்பது பி.டி.எஃப்.களைத் திறந்து பார்க்க எந்த மருத்துவருக்கும் நேரம் இருக்காது.

எல்லாரும் ஒரே மென்பொருளுக்கு மாறுவது நிர்வாகத்துக்குப் பிடித்த யோசனை. நான் இதற்கு எதிராகத்தான் பேசுவேன். மென்பொருள் ஒன்றாக இருப்பதால் உள்ளே எழுதுவது ஒன்றாகிவிடாது. கண்ணுக்குள் லென்ஸ் வைத்திருப்பதை ஒரு மருத்துவர் நோய்ப் பட்டியலில் எழுதுவார், ஒருவர் பரிசோதனைக் குறிப்பில் எழுதுவார், ஒருவர் படமாக வரைந்து விடுவார். மூன்றும் ஒரே மென்பொருளில்தான் நடக்கும். பழைய பதிவுகளை மாற்றும் வேலையோ மிகப் பெரிது. இவ்வளவும் செய்து முடித்தபின், குழுவுக்கு வெளியே இருக்கும் மருத்துவமனையிலிருந்து ஒரு நோயாளி வந்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

பொதுப் படிவம் ஒன்றை ஒத்துக்கொண்டு எல்லாரும் அதை நிரப்பி அனுப்புவது எளிய வழி, ஆரம்பத்துக்கு நல்ல வழியும்கூட. வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை. சிகிச்சையின் பலனை அளப்பதற்காக ஐசொம் என்ற பன்னாட்டு அமைப்பு கண்புரைக்கும் மாக்குலா (விழித்திரையின் மையப் பகுதி) தேய்வுக்கும் என்னென்ன விவரம் எடுக்க வேண்டும் என்று பட்டியலே தயாரித்து வைத்திருக்கிறது. நான்கு மருத்துவமனைகளின் மருத்துவர்களும் ஆப்டோமெட்ரிஸ்ட்களும் உட்கார்ந்து, 'பார்வை என்றால் எந்தப் பார்வை' என்று மூன்று மணி நேரம் பேசி முடிவுக்கு வருவது இந்த வழியில்தான் இயல்பாக நடக்கிறது. அந்த மூன்று மணி நேரம் எந்த மென்பொருளைவிடவும் மதிப்பு வாய்ந்தது என்று நான் நம்புகிறேன்.

இதன் பலவீனம் எக்செல். ஒருமுறை ஒரு மருத்துவமனையிலிருந்து வந்த கோப்பில் பார்வை நெடுவரிசை முழுக்கத் தேதிகளாக இருந்தது. 6/12 என்று தட்டினால் எக்செல் அதை ஜூன் 12 என்றோ டிசம்பர் 6 என்றோ கணினியின் அமைப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும். 6/60 என்றால் 1960 ஜூன். மூலக் கோப்பு இல்லாத இடங்களில் நாங்கள் ஊகித்து எதையும் நிரப்பவில்லை, அந்தக் கண்களை ஆய்விலிருந்து விட்டுவிட்டோம். அந்த நெடுவரிசையை முன்கூட்டியே எழுத்து வகை என்று அமைத்து வைத்திருந்தால் போதும், தப்பியிருக்கலாம். இன்னொரு பலவீனம், படிவம் நம்முடையது மட்டும் என்பது. ஐந்தாவது மருத்துவமனை சேரும்போது அவர்களும் அதைப் புதிதாகக் கற்க வேண்டும், ஆறாவதும் அப்படியே.

ஃபயர் என்பது மருத்துவத் தரவைப் பரிமாற எச்.எல்.7 என்ற அமைப்பு உருவாக்கிய தரம். ஒவ்வொரு விவரமும் ஒரு சிறு பொட்டலம்போலப் போகும். 'அப்சர்வேஷன்' என்ற பொட்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எதை அளந்தோம், எவ்வளவு, என்ன அலகு, உடலின் எந்தப் பகுதி, எந்த முறையில், எப்போது என்று ஒவ்வொன்றுக்கும் அதில் தனி இடம் உண்டு. மேலே நான் புலம்பிய எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருக்கிறது: வலது கண், கோல்ட்மேன் முறை, காலை 9 மணி, 18. கண்ணாடிச் சீட்டுக்கென்றே ஒரு பொட்டலமும் உண்டு. 2018 இறுதியில் வந்த நான்காம் பதிப்பில் அப்சர்வேஷன் நிலையானதாக அறிவிக்கப்பட்டது, இனி அதன் அடிப்படை மாறாது. கண்ணாடிச் சீட்டுப் பொட்டலம் அந்தப் பதிப்பில் சோதனை நிலையில்தான் இருந்தது, ஆகவே அதில் கொஞ்சம் கவனம் வேண்டும்.

ஃபயரின் சிக்கல் அது தரும் சுதந்திரம். முறை என்ற இடம் இருக்கிறது, ஆனால் அதை நிரப்பியே ஆக வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துவதில்லை. ஒரு மருத்துவமனை வலது கண்ணை உடல் பகுதியில் சொல்லும், இன்னொன்று அளவின் பெயரிலேயே சொல்லும். இருவரும் 'நாங்கள் ஃபயர் பின்பற்றுகிறோம்' என்று உண்மையாகவே சொல்லலாம், இருந்தும் ஒருவர் அனுப்புவது மற்றவருக்குப் புரியாமல் போகலாம். அதனால் 'ப்ரொஃபைல்' என்ற விதிமுறையை நாமே எழுத வேண்டும்: எந்த இடம் கட்டாயம், எந்தக் குறியீடு, எந்த அலகு. பொதுப் படிவத்துக்காகப் பேசிய அதே மூன்று மணி நேரப் பேச்சு இங்கும் வேண்டும். ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. இங்கே பேசி முடித்ததைக் கணினியே சரிபார்க்கும், விதியை மீறிய பொட்டலத்தைத் திருப்பி அனுப்பும்.

ஓப்பன் ஈ.எச்.ஆர். என்ற வழியும் உண்டு. மருத்துவர்களே ஒவ்வொரு அளவுக்கும் முழுமையான வடிவத்தை வரைந்து, சேமிப்பிலேயே தரப்படுத்துவது. புதிதாக ஒரு பதிவு முறையைக் கட்டப்போகிறவர்களுக்கு இது அழகான வழி. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்களை இணைக்கப்போகிறவர்களுக்குச் சுமை அதிகம்.

ஓமாப் ஆராய்ச்சிக்காகப் பிறந்தது. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் தரவை ஒரே மாதிரியான அட்டவணைகளாக மாற்றித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். கேள்வி மட்டும் ஒவ்வொரு இடத்துக்கும் போகும், எண்ணிக்கை மட்டும் திரும்பி வரும். நோயாளியின் பதிவு வாசலைத் தாண்டுவதில்லை. கண் தரவில் இது பெரிய நிம்மதி. விழித்திரையின் ரத்தக் குழாய் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறு, பெயரை எடுத்துவிட்டாலும் படம் அந்த ஆளுடையதுதான். 2018இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை, விழித்திரைப் படத்தை மட்டும் வைத்து ஒருவரின் வயதையும் பாலினத்தையும் கணினியால் கணிக்க முடிகிறது என்று காட்டியது. பெயரை நீக்கிவிட்டோம், இனி பயமில்லை என்று இருந்துவிட முடியாது.

ஆனால் ஓமாப்பின் அளவீட்டு அட்டவணையில் எந்தக் கண் என்பதற்குத் தனி நெடுவரிசை இல்லை. 'வலது கண் அழுத்தம்', 'இடது கண் அழுத்தம்' என்று தனித்தனிக் கருத்துருக்கள் (குறியீடு உள்ள பெயர்கள்) அதன் சொல்தொகுதியில் இருந்தால்தான் பக்கத்தைக் காப்பாற்ற முடியும். கண்ணுக்கான கருத்துருக்கள் அதில் நெடுநாள் குறைவாகவே இருந்தன. இப்போது ஓமாப்பை வளர்க்கும் சமூகத்திலேயே கண் மருத்துவத்துக்கென்று ஒரு குழு இந்த இடைவெளியை நிரப்பிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு நோயாளியைப் பார்க்கப்போகும் மருத்துவருக்கு ஓமாப் உதவாது, அது அதன் வேலையும் அல்ல.

படங்களுக்கு மட்டும் தேர்வு இல்லை

மேலே உள்ளவை எல்லாம் எண்ணுக்கும் எழுத்துக்கும். விழித்திரைப் படம், விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேன், ஃபீல்டு டெஸ்ட் ஆகியவற்றுக்கு டைகாம் என்ற மருத்துவப் படத் தரம்தான். 1993 முதல் இந்தப் பெயரில் இருக்கும் தரம், கண் படங்களுக்கும் ஓசிடிக்கும் ஃபீல்டு டெஸ்டுக்கும் தனித்தனிப் பிரிவுகள் அதில் இருக்கின்றன. ஆனாலும் பல கருவிகள் முழு ஸ்கேனைத் தங்கள் சொந்த வடிவத்தில் பூட்டி வைத்துக்கொண்டு, அறிக்கையை மட்டும் படமாக வெளியே தருகின்றன. அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி 2021இல் கருவித் தயாரிப்பாளர்களிடம் டைகாமைப் பின்பற்றுமாறு வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டது. மருத்துவமனை செய்யக்கூடிய வலுவான ஒரே காரியம், கருவி வாங்கும் ஒப்பந்தத்திலேயே 'மூல ஸ்கேன் டைகாமில் வெளியே வர வேண்டும்' என்று எழுதுவது. வாங்கிய பிறகு கேட்டால் தனிக் கட்டணம் சொல்வார்கள்.

டைகாமில் வந்துவிட்டாலும் கருவியின் பெயரை விட்டுவிடக் கூடாது. பழைய ஸ்ட்ராடஸ் ஓசிடி விழித்திரையின் தடிமனை அளக்கும்போது கீழ் எல்லையாக எடுத்துக்கொள்ளும் அடுக்கு வேறு, ஸ்பெக்ட்ராலிஸ் எடுத்துக்கொள்ளும் அடுக்கு வேறு. ஒரே கண்ணில் ஏறக்குறைய 60 முதல் 70 மைக்ரான் வித்தியாசம் வரும். மாக்குலா வீங்கியிருக்கிறது என்று ஊசி போட முடிவெடுக்கவே போதுமான வித்தியாசம் அது. ஃபீல்டு டெஸ்டில் ஹம்ஃப்ரி கருவி பார்வை இழப்பை மைனஸ் எண்ணாகக் காட்டும், ஆக்டோபஸ் பிளஸ் எண்ணாகக் காட்டும். மைனஸ் 6ம் பிளஸ் 6ம் இழப்புதான். இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பூஜ்யம், அதாவது நோயே இல்லை.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் பகிர முயல மாட்டேன். பார்வைக் கூர்மை, கண் அழுத்தம், கண்ணாடிப் பவர், நோயின் பெயர், செய்த சிகிச்சை. இந்த ஐந்து போதும். ஒவ்வொன்றுக்கும் எந்தக் கண், என்ன முறை, என்ன அலகு, என்ன தேதி என்பது கட்டாயம். மருத்துவர் எழுதிய மூலச் சொல் பக்கத்திலேயே இருக்கும், மாற்றிய எண் கூடவே இருக்கும். இதை மருத்துவர்கள் முதலில் தாளில் எழுதி ஒத்துக்கொள்ள வேண்டும். அளவுகளுக்கு லாயிங்க் குறியீடு, அதற்குக் கட்டணம் இல்லை. நோய்களுக்கு ஸ்னோமெட் சி.டி. அதன் உறுப்பு நாடுகளில் அதற்கும் கட்டணம் இல்லை, மற்ற இடங்களில் உரிமத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதன்பின், நோயாளியின் சிகிச்சைக்காகத்தான் பகிர்வு என்றால் ஃபயர். படங்கள் டைகாமில். ப்ரொஃபைலைக் குழுவுக்குள்ளேயே எழுதிக்கொள்ளாமல், மருத்துவக் கணினிகளை இணைக்கும் விதிமுறைகளை எழுதும் ஐ.எச்.ஈ. அமைப்பின் கண் பிரிவு போன்ற இடங்களில் ஏற்கெனவே எழுதியிருப்பதை எடுத்துக்கொண்டு, தேவையானதை மட்டும் சேர்ப்பேன். ஆராய்ச்சி மட்டும்தான் நோக்கம் என்றால் ஃபயரைத் தாண்டி நேராக ஓமாப்புக்கே போகலாம், அதில் தவறில்லை. இரண்டும் வேண்டுமென்றால் ஃபயர் முதலில். முறையும் பக்கமும் ஒழுங்காக உள்ள தரவிலிருந்து ஓமாப்பைக் கட்டலாம். ஓமாப்புக்குள் போகும்போது சில விவரங்கள் உதிர்ந்துவிடுவதால், அங்கிருந்து சிகிச்சைப் பதிவைத் திரும்பக் கட்ட முடியாது.

கணினிப் பொறியாளரே இல்லாத சிறிய மருத்துவமனைக்கு இதையெல்லாம் சொல்லி மிரட்ட மாட்டேன். அவர்கள் அதே ஐந்து விவரத்தையும் அதே கட்டாய நெடுவரிசைகளோடு ஒரு எளிய படிவத்தில் அனுப்பட்டும். பெரிய மருத்துவமனை ஒன்று அதை ஃபயராக மாற்றிக்கொள்ளலாம். தாளில் ஒத்துக்கொண்ட அர்த்தம் ஒன்றாக இருந்தால் இந்த மாற்றம் ஒரு சின்ன நிரல்தான்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், பெரிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒரு வாரம் ஒதுக்கி இதைச் செய்து பாருங்கள். அனுமதி கொடுத்த இருபது நோயாளிகளின் பதிவை முதல் மருத்துவமனையிலிருந்து இரண்டாவதற்கு அனுப்புங்கள். அங்கே அது எப்படிச் சேமிக்கப்படுகிறதோ, அப்படியே திரும்ப முதல் இடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். போனதையும் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கண் மருத்துவர் வரிவரியாகப் படிக்கட்டும். இருபது பேரில் கிளாக்கோமா நோயாளிகளும், எழுத்தே தெரியாத கண் உள்ளவர்களும், இரண்டு கண்ணிலும் வேறு வேறு நோய் உள்ளவர்களும் இருக்க வேண்டும். முதலில் வலதும் இடதும், அடுத்து மைனஸ் குறிகள், அப்புறம்தான் மற்றவை.